வியட்நாம் மலைக் கிராமத்தில் விவசாயி வீட்டில் தங்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹனோய், ஹா லாங் விரிகுடா, தா நாங் என்று ஒரு சுற்று சுற்றிவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு இந்தப் பக்கம் தேவைப்படாது. முதுகுப்பையை மாட்டிக்கொண்டு வடக்கே மலையேறி, நெல்லும் மக்காச்சோளமும் விளைவிக்கிற குடும்பத்தோடு நாலு நாள் இருந்துவிட்டு வரலாம் என்று நினைப்பவர்கள் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறோம். ஒரு ரூபாய்க்கு ஏறத்தாழ 300 டாங் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஹோம்ஸ்டேன்னா சின்ன ஹோட்டல்தானே? என்ன பெரிய வித்தியாசம்?

பெயர்ப்பலகையில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை, நடப்பில் நிறைய இருக்கிறது. ஹோட்டலில் நீங்கள் எப்போது வந்தாலும் ஆள் இருப்பார். விவசாயி வீட்டில் பகலில் எல்லோரும் வயலில் இருப்பார்கள். நீங்கள் வருகிற நேரம் தெரிந்தால்தான் யாராவது வீடு திரும்பியிருப்பார்கள். சாயங்காலம் நான்கிலிருந்து ஐந்து மணிக்குள் போய்ச் சேருவது நல்லது. இரவுச் சாப்பாடு ஆறரை, ஏழு மணிக்கு. ஒன்பதரைக்கு வீடு அடங்கிவிடும்.

சாப்பாட்டுக்கு எத்தனை பேர் என்பதை அன்று மதியத்துக்குள் சொல்லிவிட வேண்டும். கோழி அடிப்பதா, தோட்டத்தில் எவ்வளவு கீரை பறிப்பது என்பதெல்லாம் அதைப் பொறுத்தது. சொல்லாமல் எட்டு மணிக்கு இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போய் நின்றால் முகம் சுளிக்க மாட்டார்கள், தங்கள் பங்கை எடுத்துத் தந்துவிடுவார்கள். அந்தத் தர்மசங்கடத்தைக் கொடுக்காதீர்கள்.

சா பா போறதா, ஹா ஜியாங் போறதா?

முதல் முறை என்றால் சா பா எளிது. ஹனோயிலிருந்து பேருந்தில் ஐந்தாறு மணி நேரம். சா பா நகரத்தில் தங்காமல் அப்படியே மூங் ஹோவா பள்ளத்தாக்கில் இறங்கி தா வான், லாவ் சாய் கிராமங்களுக்கோ, தாவ் மக்களின் மூலிகைக் குளியலுக்குப் பெயர்போன தா பின் கிராமத்துக்கோ போய்விடலாம். ஹ்மொங் என்ற மலைவாழ் இனத்துப் பெண்களே நடத்தும் சபா சிஸ்டர்ஸ் போன்ற அமைப்புகள் வழிகாட்டியும் வீடும் சேர்த்தே ஏற்பாடு செய்கின்றன.

ஹா ஜியாங் தொலைவு, ரோடும் கடினம், ஆனால் காட்சி வேறு ரகம். படுக்கைப் பேருந்தில் ஆறேழு மணி நேரம், அதற்குப் பிறகு குவான் பா, டோங் வான், மெயோ வாக், டு ஜியா என்று ஏறக்குறைய 350 கிலோமீட்டர் வட்டம். குவான் பா பக்கத்தில் நாம் தாம் என்ற தாவ் கிராமத்தில் மண்சுவர் வீடுகளில் தங்கலாம். முகவரி பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: 2025 ஜூலை 1 முதல் ஹா ஜியாங் மாகாணம் துயென் குவாங்கோடு இணைக்கப்பட்டுவிட்டது. பதிவில் துயென் குவாங் என்று வந்தால் தப்பான ஊருக்குப் பதிவு செய்துவிட்டோமோ என்று பதற வேண்டாம். எல்லையோரப் பகுதிக்கான அனுமதிச் சீட்டு பற்றி ஹா ஜியாங் நகரில் உங்கள் விடுதியில் கேளுங்கள், அவர்களே வாங்கித் தருவார்கள்.

எந்த மாசம் போனா வயல் நல்லா இருக்கும்?

இந்த மலைகளில் நெல் பெரும்பாலும் வருடத்துக்கு ஒரு போகம்தான். மே, ஜூனில் படிவயல்களில் தண்ணீர் கட்டி நாற்று நடுவார்கள். சா பா பக்கம் ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் நடு வரை கதிர் பழுத்திருக்கும். ஹுவாங் சூ பீயில் இன்னும் கொஞ்சம் தள்ளி, அக்டோபர் தொடக்கம் வரை கிடைக்கும். டோங் வான் பீடபூமியில் நெல்லைத் தேடாதீர்கள். அது சுண்ணாம்புப் பாறை நிலம். பாறை இடுக்கில் கைப்பிடி மண் இருக்கிற இடத்தில் சோளம் ஊன்றுவார்கள். அங்கே அக்டோபர், நவம்பரில் பக்வீட் என்ற தானியச்செடி பூப்பதைப் பார்க்கத்தான் கூட்டம்.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை குளிர் பத்து டிகிரிக்குக் கீழே இறங்கும். ஊட்டிக் குளிர்தானே என்று அலட்சியமாகப் போகாதீர்கள். பலகைச் சுவர் இடுக்கில் காற்று வரும், வீட்டுக்குள் அடுப்பைத் தவிர வேறு சூடு கிடையாது.

பாஸ்போர்ட்ல எனக்கு சர்நேமே இல்ல. ஈ-விசா கிடைக்குமா?

கிடைக்கும். நம் ஊர்க்காரர்களில் பாதிப்பேர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். பாஸ்போர்ட்டின் அடியில் அம்புக்குறிகளோடு இரண்டு வரி அச்சாகியிருக்கும். அதில் பெயர் எப்படி இருக்கிறதோ, அந்த வரிசையிலேயே, எழுத்து மாறாமல் விண்ணப்பத்தில் கொடுங்கள். அப்பா பெயரைச் சர்நேமாக நீங்களாகச் சேர்க்காதீர்கள். பாஸ்போர்ட்டும் விசாவும் ஒத்துப்போகாவிட்டால் விமானத்தில் ஏறும் முன்பே நிறுத்திவிடுவார்கள்.

கட்டணம் ஒருமுறை நுழைவுக்கு 25 டாலர், பலமுறைக்கு 50 டாலர். அதிகபட்சம் 90 நாள். விண்ணப்பம் மறுக்கப்பட்டாலும் பணம் திரும்பாது. அரசின் சொந்தத் தளத்தைப் போலவே தோற்றம் காட்டும் தரகர் தளங்கள் உண்டு. இந்தக் கட்டணத்துக்கு மேல் கேட்டால் அது தரகர்தான். தங்கும் முகவரி கேட்கும் இடத்தில் ஹனோயில் முதல் இரவு தங்கும் விடுதியைக் கொடுங்கள், மலைக் கிராம வீட்டைக் கொடுக்க வேண்டிய அவசியமில்லை.

ஒரு நாளைக்கு எவ்வளவு ஆகும்? கார்டு எடுப்பாங்களா?

பொதுக்கூடத்தில் மெத்தை, கொசுவலையோடு 1 லட்சம் முதல் 2 லட்சம் டாங். இரவுச் சாப்பாடு 1 முதல் 1.5 லட்சம், காலை உணவு 30 முதல் 50 ஆயிரம். ஆகமொத்தம் ஒரு ஆளுக்கு எண்ணூறிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்குள் முடியும். தனி அறை வேண்டுமென்றால் கூடும்.

கார்டு வேலைக்கு ஆகாது. ஹா ஜியாங் நகரம், டோங் வான், மெயோ வாக் போன்ற ஊர்களில் ஏடிஎம் உண்டு. அங்கே எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். விளக்கு வெளிச்சத்தில் 20,000 நோட்டும் 5,00,000 நோட்டும் ஒரே நீலமாகத் தெரியும். இரண்டையும் பர்ஸில் ஒரே அறையில் வைக்காதீர்கள்.

ஹோம்ஸ்டேன்னு போட்டிருக்கு, படத்துல நீச்சல்குளம் இருக்கே. அது வீடா?

வீடு இல்லை. ஹனோய்க்காரரோ வேறு முதலீட்டாளரோ நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் கட்டியதாக இருக்கலாம். அதில் தவறு ஒன்றுமில்லை, ஆனால் நீங்கள் தேடுவது அதுவல்ல. தா வானிலும் டு ஜியாவிலும் நாற்பது படுக்கை போட்ட கூடங்கள் இருக்கின்றன. இரவு பதினொன்று வரை கரோகே ஓடும்.

பதிவு செய்யும் முன் மூன்று கேள்வியைச் செய்தியாக அனுப்புங்கள்: மொத்தம் எத்தனை படுக்கை, வீட்டுக்காரர்கள் அதே வீட்டில் படுக்கிறார்களா, இரவுச் சாப்பாட்டை எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவார்களா. பத்துப் பன்னிரண்டு படுக்கைக்கு மேல் இருந்தால் குடும்பம் உங்களோடு சாப்பிட வாய்ப்புக் குறைவு. படங்களையும் உற்றுப் பாருங்கள். அடுப்புக்கு மேலே பரணில் சோளக்கதிர் குவித்து வைத்திருந்தால் அங்கே ஆட்கள் வாழ்கிறார்கள். அடுப்புப் புகை ஏறினால் வண்டு அண்டாது என்பதற்காக அங்கே வைப்பார்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் கவனிக்க வேண்டியதும் அந்தப் புகையைத்தான். உங்கள் படுக்கை அந்தப் பரணுக்குப் பக்கத்திலேயே இருக்கலாம். கீழே படுக்க இடம் கேளுங்கள்.

நான் சுத்த சைவம். பட்டினி கிடக்கணுமா?

வேண்டாம். தோட்டத்துக் காய்கறிக்குக் குறைவே இல்லை. சா பா மலை முழுக்க சௌசௌ பந்தல்தான். காயை விட அதன் இளங்கொழுந்தைப் பூண்டு தட்டிப் போட்டு வதக்கித் தருவதுதான் அங்கே விசேஷம். நம் ஊரில் சௌசௌ கொழுந்தைக் கிள்ளிச் சமைப்பவர்கள் குறைவு, ஆதலால் முதல் கவளத்தில் என்ன கீரை என்றே பிடிபடாது. தக்காளிச் சாறில் டோஃபு, வள்ளல்கீரை, முட்டை, சோறு எல்லாம் எளிதாகக் கிடைக்கும். ஹ்மொங் வீடுகளில் சோள மாவை உதிரியாக இரண்டு தடவை ஆவியில் வேகவைத்த மென் மென் வரும். குழம்போ சூப்போ ஊற்றிச் சாப்பிடுங்கள், வெறுமனே தின்றால் தொண்டையை அடைக்கும்.

சிக்கல் காய்கறியில் இல்லை, எண்ணெயில். மலைவீடுகளில் வதக்குவதற்குப் பன்றிக்கொழுப்பு சகஜம், உப்புக்குப் பதில் மீன்சாறு சகஜம். 'ஆன் ச்சாய்' என்றால் சைவம் என்று புரிந்துகொள்வார்கள். ஆனால் இறைச்சித் துண்டு இல்லாவிட்டால் சைவம் என்றே சிலர் எடுத்துக்கொள்வார்கள். ஆகவே மொழிபெயர்ப்புச் செயலியில் இப்படித் தனித்தனி வரியாக எழுதிச் சேமித்து வையுங்கள்: இறைச்சி வேண்டாம்; மீன் வேண்டாம்; மீன்சாறு வேண்டாம்; பன்றிக்கொழுப்பு வேண்டாம், தாவர எண்ணெய் போதும்; முட்டை சாப்பிடுவேன் அல்லது மாட்டேன். இதைச் சமையல் தொடங்கும் முன், முடிந்தால் பதிவு செய்யும்போதே காட்டுங்கள். தட்டு வந்தபிறகு காட்டிப் பயனில்லை.

அசைவம் ஓகே, மாட்டுக்கறி மட்டும் வேண்டாம்னா?

மாடு, எருமை இரண்டையும் பெயர் சொல்லி மறுக்க வேண்டும். அடுப்புக்கு மேலே தொங்கவிட்டுப் புகையில் காயவைத்த எருமைக்கறி வீட்டுக்கு வீடு இருக்கும், விருந்தாளிக்கென்று எடுப்பதும் அதைத்தான். வாரச் சந்தையில் பெரிய கொப்பரையில் கொதிக்கிற தாங் கோ என்ற குழம்பு பெரும்பாலும் குதிரைக்கறி, குடலோடு சேர்த்து.

எல்லாரும் ஒரே கூடத்துல படுக்கணுமாமே? பொண்ணு தனியா போகலாமா?

போகலாம், போகிறார்கள். தை இன மக்களின், தூண்கள் மேல் நிற்கும் கால்வீடுகளில் மேல்தளம் முழுக்க ஒரே கூடம். வரிசையாக மெத்தை, நடுவில் திரைத்துணி. கதவுத் தாழ்ப்பாள் என்று எதுவும் இருக்காது. அது ஒத்துவராது என்றால் தனி அறை உண்டா என்று முன்பே கேளுங்கள். வீட்டில் பெண்கள் இருக்கிறார்களா என்பதையும் அதே மூச்சில் கேட்டுவிடலாம். பாஸ்போர்ட்டும் பணமும் தலையணைக்கு அடியில். காதுக்குப் பஞ்சு கொண்டுபோங்கள், சேவல் மூன்றரை மணிக்கே ஆரம்பித்துவிடும்.

பாத்ரூம்?

வீட்டுக்கு வெளியே, ஆனால் சுத்தமாக இருக்கும். கழுவும் குழாய் பெரும்பாலும் உண்டு, அந்தக் கவலை வேண்டாம். வெந்நீர் இருந்தாலும் இரண்டு பேருக்குமேல் தாங்காது. இந்தியத் தடித்த மூன்று முள் பிளக் அங்கே நுழையாது, மாற்றுப் பிளக் எடுத்துக்கொள்ளுங்கள். சிம் வாங்கினால் வியட்டெல். மலையில் அதற்குத்தான் சிக்னல்.

இன்டர்நேஷனல் லைசன்ஸ் வச்சிருக்கேன். பைக் ஓட்டலாமா?

சட்டப்படி கூடாது. இந்தியா தருகிற சர்வதேச ஓட்டுநர் அனுமதி 1949 ஜெனீவா உடன்படிக்கையின் கீழ் வருவது. வியட்நாம் ஏற்பது 1968 வியன்னா உடன்படிக்கையின் கீழ் வழங்கப்பட்டதை. வாடகைக்கடைக்காரர் எதையும் பார்க்காமல் சாவியைக் கொடுத்துவிடுவார், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஹா ஜியாங் பாதையில் போலீஸ் நிறுத்திப் பார்க்கிறது. அபராதத்தைக் கூடக் கட்டிவிடலாம். விழுந்து காலை முறித்துக்கொண்டால், செல்லாத லைசன்ஸைக் காரணம் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் கைவிரித்துவிடும். அதுதான் பெரிய அடி.

உள்ளூர் ஓட்டுநரின் பின்னால் உட்கார்ந்து போவது நல்ல வழி, ஈஸி ரைடர் என்பார்கள். மூன்று பகல் இரண்டு இரவுக்குத் தங்கல், சாப்பாடு சேர்த்து 40 லட்சம் டாங் அளவில் தொடங்கும். ஒரு குறை, அந்தத் தொகுப்பில் இரவுத் தங்கல் பெரும்பாலும் மேலே சொன்ன நாற்பது படுக்கைக் கூடமாக இருக்கும். தங்கலை நானே பார்த்துக்கொள்கிறேன், வண்டிக்கும் ஓட்டுநருக்கும் மட்டும் விலை சொல்லுங்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

வீட்டுக்காரர் பாஸ்போர்ட்டைக் கேட்கிறார். கொடுக்கலாமா?

கொடுங்கள். வெளிநாட்டவர் எங்கே தங்கினாலும் அந்த வீட்டுக்காரர் உள்ளூர் போலீசில் பதிய வேண்டும் என்பது அங்கே சட்டம். போட்டோ எடுத்துக்கொண்டு அப்போதே திருப்பித் தருவதே வழக்கம். ராத்திரி முழுக்க வைத்துக்கொள்கிறேன் என்றால், பாஸ்போர்ட், விசா நகலைக் கொடுத்து மூலத்தை வாங்கிக்கொள்ளுங்கள். பதிவே வேண்டாம் என்று சொல்கிற வீட்டில்தான் யோசிக்க வேண்டும், நாளை சோதனை வந்தால் சிக்கல் இருவருக்குமே.

வயல்ல வேலை செஞ்சு கொடுத்தா காசு வாங்காம தங்க வைப்பாங்களா?

அப்படிக் கேட்காதீர்கள். சுற்றுலா விசாவில் வேலை செய்ய அனுமதி இல்லை. சம்பளம் வாங்காவிட்டாலும், படுக்கைக்கும் சோற்றுக்கும் பதிலாக வாரக்கணக்கில் உழைப்பதையோ ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பதையோ அதிகாரிகள் வேலையாகவே எடுத்துக்கொள்ளலாம். இன்னொன்று, பழகாத கை நட்ட நாற்று மிதக்கும், அதை மறுநாள் அந்த அம்மாள் குனிந்து திரும்ப நட வேண்டும். உங்கள் உழைப்பின் மதிப்பு அவ்வளவுதான்.

பணம் கொடுத்துத் தங்கிக்கொண்டு, நானும் வரட்டுமா என்று கேட்டு அரைநாள் கூடப் போவது வேறு. நாற்றுக்கட்டு சுமக்கலாம். அறுப்பில் கதிர்க்கட்டை மரத்தொட்டிக்குள் அடித்து நெல்லை உதிர்ப்பார்கள், அதைப் பழகுவது எளிது. படிவயலில் வரப்பின் ஓரத்தில் கால் வைக்காதீர்கள். வெறும் சேற்று வரப்பு. ஒரு இடம் சரிந்தால் தண்ணீர் முழுக்கக் கீழ்ப்படிக்கு இறங்கிவிடும். படம் எடுக்கப் போனவர்கள் உடைத்த வரப்புகள் தா வானில் ஏராளம்.

சரக்கு ஊத்திக் கொடுத்தா மறுக்கலாமா?

மறுக்கலாம், முதல் கிண்ணத்திலேயே. நெல் அல்லது சோளத்தில் வீட்டில் காய்ச்சிய சாராயம் அது. வழிகாட்டிகள் அதற்கு ஹாப்பி வாட்டர் என்று செல்லப்பெயர் வைத்திருக்கிறார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் கிண்ணம் தூக்கிக் குடித்துவிட்டுக் கைகுலுக்குவார்கள். குடிக்காதவர் தேநீரைத் தூக்கிக் கைகுலுக்கினால் போதும், யாரும் தப்பாக நினைப்பதில்லை. முதல் இரண்டு கிண்ணம் குடித்துவிட்டு மூன்றாவதை மறுப்பதுதான் முடியாத காரியம்.

குடிப்பவர்களுக்கு: வீட்டுக்காரர் தானும் குடிக்கிற குடத்திலிருந்து ஊற்றினால் குடியுங்கள். வழியோரக் கடையில் பெயர் இல்லாத பிளாஸ்டிக் பாட்டிலில் விற்பதைத் தொடாதீர்கள், மெத்தனால் கலந்திருந்தால் ருசியில் தெரியாது.

வீட்டுக்குள்ள என்னென்ன செய்யக் கூடாது?

நம் வீட்டு ஒழுக்கத்தில் பாதி அங்கேயும் செல்லும்: செருப்பை வெளியே விடுவது, பெரியவர் தொடங்கும்வரை காத்திருப்பது. மீதியைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஹ்மொங் வீட்டில் வாசலுக்கு நேர் எதிர்ச் சுவரில் சின்னக் காகிதத் துண்டு ஒட்டி, அதில் காய்ந்த ரத்தக் கறையோடு இரண்டு மூன்று கோழி இறகு ஒட்டியிருக்கும். குப்பை என்று நினைத்துவிடாதீர்கள், அதுதான் வழிபாட்டிடம். அதன் பக்கம் கால் நீட்டிப் படுக்காதீர்கள், பையைச் சாய்க்காதீர்கள். நடுத்தூணிலும் சாயவோ ஈரத்துணி மாட்டவோ கூடாது. சோற்றில் குச்சியை நட்டு வைக்காதீர்கள், வீட்டுக்குள் விசிலடிக்காதீர்கள்.

வாசலில் பச்சைக் கிளைக்கொத்தோ மூங்கில் பின்னலோ கட்டித் தொங்கினால் வெளியார் உள்ளே வரக் கூடாது என்று பொருள். பிள்ளை பிறந்திருக்கலாம், சடங்கு நடந்திருக்கலாம். பதிவு செய்த வீடாகவே இருந்தாலும் வெளியே நின்று கூப்பிடுங்கள். வியட்நாம் புத்தாண்டான தெத் அன்று காலையில் அழைக்காமல் யார் வீட்டுப் படியையும் மிதிக்காதீர்கள். அந்த வருஷத்தின் முதல் விருந்தாளி யார் என்பதை அவர்கள் முன்கூட்டியே பார்த்து வைத்திருப்பார்கள்.

பிள்ளைங்களுக்கு சாக்லேட் வாங்கிட்டுப் போகலாமா?

தெருவில் விநியோகிக்க வேண்டாம். ஹா ஜியாங் பாதையில் முதுகில் பூக்கூடையோடு படத்துக்கு நிற்கும் பிள்ளைகளைப் பார்ப்பீர்கள். காசு கிடைக்கிறவரை பள்ளிக்கூடத்தை விட அந்த வளைவில் நிற்பது லாபம் என்றாகிவிடும். கொண்டுபோவதை வீட்டுப் பெரியவர் கையில் கொடுங்கள். கடலைமிட்டாய் நல்ல தேர்வு, உருகாது, எல்லோருக்கும் பிடிக்கும்.

சா பாவில் உங்கள் கூடவே இரண்டு மணி நேரம் நடந்து வந்து கைபிடித்து இறக்கிவிடும் பாட்டிகள் கடைசியில் கைவேலைப் பை வாங்கச் சொல்வார்கள். வாங்கும் எண்ணம் இல்லையென்றால் நடக்கத் தொடங்கும்போதே சொல்லிவிடுவதுதான் நியாயம்.

நாய் கடிச்சா?

வெறிநாய்க்கடி நோய் அங்கே உண்டு. பதினைந்து நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி, அன்றைக்கே ஊசிக்குப் போங்கள். தோல் கிழிந்திருந்தால் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்ற இன்னொரு ஊசியும் தேவைப்படும், அது சின்ன ஊர்களில் இல்லாமல் போகலாம், ஹனோய்க்குத் திரும்ப வேண்டிவரும். கிளம்பும் முன் ஊரிலேயே முன்தடுப்பூசி போட்டுக்கொண்டால் இந்த இரண்டாவது ஊசி தேவைப்படாது. இருட்டில் தெரியாத வீட்டு முற்றத்துக்குள் நுழைய வேண்டாம்.

மழைக்காலத்துல டிக்கெட் மலிவா இருக்கு. ரிஸ்க் எடுக்கலாமா?

ஜூன் முதல் செப்டம்பர் வரை நிலச்சரிவுக் காலம். 2024 செப்டம்பரில் யாகி புயலின் மழையில் லாவ் காய் மாகாணத்தின் லாங் நூ கிராமம் காட்டாற்று வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது. மழை நின்ற பிறகும் மண் இறங்கும் என்பதால் வெயில் வந்துவிட்டதே என்று கிளம்பக் கூடாது. போகிற காலம் இதுதான் என்றால் ஹனோய் திரும்புவதற்கும் விமானத்துக்கும் நடுவே இரண்டு நாள் விடுங்கள். ஓடைக்கரை வீட்டை விட்டு மேட்டில் உள்ள வீட்டைத் தேர்ந்தெடுங்கள்.

வீட்டுக்காரர் இன்று வராதே என்றால் போகாதீர்கள். முன்பணத்தைத் திருப்பிக் கேட்பதற்குப் பதில் தேதியை மாற்றித் தரக் கேளுங்கள், பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள்.

ஆப்ல ஒரு விலை, கிளம்பும்போது அதிகமா கேட்கறாங்க. ஏமாத்தறாங்களா?

அநேகமாக இல்லை. ஆப்பில் போட்டிருப்பது படுக்கைக்கு மட்டும். சாப்பாடு, பியர், துணி துவைப்பு, பேருந்து நிறுத்தத்துக்குப் பைக்கில் கொண்டுவிட்டது எல்லாம் நோட்டில் எழுதி வைத்திருப்பார்கள். வந்த அன்றைக்கே ஒவ்வொன்றுக்கும் விலை கேட்டுக் கைபேசியில் குறித்துக்கொள்ளுங்கள். கணக்கை முந்தின இரவே, சாப்பாடு முடிந்ததும் தீர்த்துவிடுங்கள். காலை ஆறு மணிக்குப் பார்த்தால் கணக்குத் தெரிந்த மகள் பள்ளிக்கும், பணம் வாங்கும் அம்மா வயலுக்கும் போயிருப்பார்கள். வீட்டில் இருக்கிற பாட்டிக்கு ஹ்மொங் மொழி மட்டும்தான் தெரிந்திருக்கும், உங்கள் செயலி அங்கே உதவுமென்று நம்பிக் கிளம்பாதீர்கள்.